ரிசல்ட் வந்திருச்சு!

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு மூளையைவிட வாய்தான் முந்திக்கொண்டு வேலை செய்யும். அந்த வாயே ஒரு நாள் கெட்டுப்போனது.

சென்ற ஆண்டு ஜெகதாப்பட்டினத்தில், நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் நடந்தது இது. பல் தேய்த்தால் ரத்தம் வரும். பிரஷ்ஷுக்குச் சிவப்பு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று ஆறு மாதம் ஓட்டினேன். பல் ஆட ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் புதுக்கோட்டைக்கு ஓடினேன். டாக்டர் ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய காகிதக் குச்சிகளைச் செருகி எடுத்து, சின்னக் குப்பியில் போட்டார். எந்தக் கிருமி என்று லேபில் அதன் டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம். ரிப்போர்ட் ஃபோனுக்கே வந்துவிடுமாம்.

அதே சமயம், எங்கள் கம்பெனி வாசலில் மீன் தரம் பிரிக்கும் பெண் ஒருத்தியும் ஒரு டிஎன்ஏ முடிவுக்குக் காத்திருந்தாள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. பக்கத்துக் கரையில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று ஒதுங்கியிருந்தது. அவள் மகளிடம் ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே ஃபோனும் கணவனோடு போய்விட்டதால், போலீஸில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். ஒரு காலையில் ரிப்போர்ட் வந்ததும், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கூவினேன்: "பங்காளிகளா, டிஎன்ஏ ரிசல்ட் வந்திருச்சு! ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. ஐஸ் உடைக்கும் சத்தமும் நின்றது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், மீன் செதில் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகதானாண்ணே?"

"இல்லாத்தா… இது எம் பல்லு ரிப்போர்ட்டு. ஈறுல கிருமி…"

"அப்ப அது அவுக இல்லையா?"

"அது இன்னும் வரலத்தா."

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளால் அழவும் முடியவில்லை, நிம்மதியாக மூச்சு விடவும் முடியவில்லை. இரண்டுக்குமே நான் இடம் வைக்கவில்லை.

ஊரைச் சிரிக்க வைப்பவன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தவன் நான். இப்போதெல்லாம் வேடிக்கையாக ஒன்று நாக்கு நுனிக்கு வந்தால், காதில் வாங்கப்போவது யார் யார் என்று ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். பிறகு இரண்டு பல் போனதைவிட, அவள் அன்று அப்படி உட்கார்ந்ததுதான் உறைத்தது.

அன்று அவள் எழுந்து கூடையை எடுத்தபோது, "என்னைய மன்னிச்சிரு ஆத்தா" என்றேன். திரும்பாமலே சொன்னாள்:

"பல்லப் பாத்துக்கங்க."