வண்டிக்கு மூக்கு வைக்கிறவர்

எங்கள் தெரு மெக்கானிக் மருந்துக்கடை வாசலில் நின்ற யாரோ ஒருவருடைய ஜீப்பின் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டிக்கு அடியில் சுண்டுவிரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பழைய ஜீப். வெளியே இருக்கிற கொக்கியை எடுத்தால் போதும், திறந்துகொள்ளும். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஜீப்புக்காரர் பதறிப்போய், "யோவ், என் வண்டில என்னய்யா பண்றே?" என்றார். "மூக்கு வச்சிருக்கீங்களே, கீழ் ஓட்டைய அடைச்சாங்களான்னு பாத்தேன். அடைச்சிருக்கு. போயிட்டு வாங்க." அவ்வளவுதான் பதில். பானெட்டை மூடினார், கொக்கியை மாட்டினார், விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி உள்ளே இருந்தபடியே, "திருடன் இல்லீங்க, என் வீட்டுக்காரர்" என்று குரல் கொடுத்தார். இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த அம்மாள் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூக்கு என்று அவர் சொன்னது, காடு மேடு ஓடை என்று போகிற வண்டிகளின் முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஏறி நிற்கிற கறுப்புக் குழாயை. இன்ஜினுக்குக் காற்று வேண்டும். சாதாரண வண்டி அந்தக் காற்றை முன்விளக்கு உயரத்தில் இழுக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துவிடும், அதோடு இன்ஜின் கதை முடிந்தது. அதனால் மட்கார்டில் துளை போட்டு, குழாய் வைத்து, காற்று வாங்கும் வாயைக் கூரைக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஸ்நார்கல் என்று அதற்கு முறையான பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அவருக்கும் மூக்கு மெக்கானிக் என்றுதான் பெயர், தபால்காரர் உட்பட.

நான் அவர் பட்டறைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறேன். அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். அமைதி வேண்டிய வேலை. கீழே தகரத்தை அறுக்கிற சத்தம் வரும்போது ஒரு பக்கத்தில் மூன்று பிழைகளாவது என் கண்ணுக்குத் தப்பும், திட்டு எனக்கு விழும். சண்டை போடலாம் என்று நாலைந்து தடவை இறங்கிப் போயிருக்கிறேன். சண்டை போட எதிராளி ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே. நான் பேசப் பேச அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டிருப்பார், நானும் பின்னாலேயே சுற்றுவேன். "சொல்லுங்க மாடி சார், காது இங்கதான் இருக்கு" என்பார். கடைசியில் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே வருவேன்.

டீயை அவர் நடந்துகொண்டேதான் குடிப்பார். காலி டம்ளர் பேட்டரி மேல் இருக்கும், ஜன்னல் விளிம்பில் இருக்கும், ஒரு தடவை என் மாடிப்படியில் இருந்தது. வீட்டில் தட்டைக் கையில் ஏந்தி மூன்று அறைகளையும் சுற்றி முடிக்கும்போது சாப்பாடும் முடிந்திருக்கும் என்கிறார் மனைவி. "தூக்கத்துலயும் காலு ஓடிட்டே இருக்கும் சார். ஒரு நாள் பாத்தா போர்வைய மிதிச்சே கீழ தள்ளிட்டாரு." முடி வெட்டுகிறவர் இவருக்கு மட்டும் நிற்கவைத்தே வெட்டுகிறார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை, ஆனால் பின்னந்தலையைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

கை மட்டும் வேறு ஆள். அளவுத் தாளை மட்கார்டில் ஒட்டிக் குறி வைத்த பிறகு அந்தக் கை அசையாது. வட்ட ரம்பத்தை ட்ரில்லில் மாட்டி, புதுப் பெயிண்ட் மினுக்கும் தகரத்தில் வைத்து அழுத்துவார். சொந்தக்காரர்கள் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆசை ஆசையாக வாங்கிய வண்டியில் கை நுழைகிற ஓட்டை விழுவதை யார் பார்ப்பார்கள்? வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துருப்பிடிக்காமல் பெயிண்ட் தடவி, குழாயை முறுக்கி, இணைப்புகளில் பசை போட்டு இறுக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிடுவார். அப்புறம் ஏணியில் ஏறி மூக்கின் வாயை உள்ளங்கையால் பொத்துவார். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கேயோ திருட்டுத்தனமாகக் காற்று வாங்குகிறது என்று அர்த்தம். "செத்துப் போகணும் சார் வண்டி. செத்தாதான் நமக்கு நிம்மதி" என்பார். வண்டிக்காரர்களுக்கு முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இந்த உள்ளங்கை, சுண்டுவிரல் எல்லாம் இரண்டு வருஷப் பழக்கம்தான். அதற்கு முன்னால் கிடையாது. அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்காவுக்கு ஆற்று மட்டம் பார்க்கிற உத்தியோகம். மேலே காட்டுக்குள் இரண்டு இடத்தில் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஊரே வீட்டுக்குள் ஓடும், அக்கா வீட்டை விட்டுக் கிளம்புவார். போகிற வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அங்கே போய் அவர் வயர்லெஸ்ஸில் சொல்கிற எண்ணை வைத்துத்தான் கீழே ஆற்றோரத்து ஜனங்களைக் கிளப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அக்காவின் ஆபீஸ் வண்டிக்குத் தம்பிதான் மூக்கு வைத்தார். வைத்த மறு வாரமே நடு ஓடையில் வண்டி நின்றுபோனது.

இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. உள்ளே சேர்கிற ஈரமும் தூசியும் வடிந்து போகட்டும் என்று வண்டி செய்தவர்களே விட்டிருப்பது. மூக்கு வைக்கிறவர் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான். அதை விட்டுவிட்டு மூக்கை எத்தனை உயரத்துக்கு ஏற்றினாலும், வண்டி அடியில் உறிஞ்சிவிடும். அக்கா வண்டிக்கு மூக்கு வைத்த அன்றைக்கு அவர் கையில் இரண்டு வண்டிகள், காதில் மூன்றாவது வண்டிக்காரர் போனில். மூக்கு அழகாக உட்கார்ந்தது, ஓட்டை மறந்துபோனது. வண்டி ஓடையில் நின்ற நாளில், அக்கா காலையில் அதன் கூரை மேல் ஏறியவர் சாயங்காலம் ஒரு டிராக்டர் வந்த பிறகுதான் இறங்கினார். எண் போய்ச் சேரவில்லை. கீழே பல வீடுகளில் பாத்திரம் பண்டமெல்லாம் தண்ணீரோடு போயிற்று. உயிர் போகாதது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

அக்கா அதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை. எப்போதும்போல வந்தார், சாப்பிட்டார், தம்பியின் சட்டையில் பொத்தான் இல்லை என்று திட்டினார். ஆனால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். புதிதாகப் பழுது பார்த்த அந்த வண்டி தம்பியின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் ஓடைக்கு இந்தப் பக்கமே அதை விட்டுவிட்டு, தொங்குபாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு மலையேறினார். இரண்டு மழைக்காலம் நடந்தே போனார். இவர் பட்டறையிலிருந்து தெருமுனையைப் பார்ப்பார், ஸ்பானரை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார்.

போன திங்கட்கிழமை ஒரு புது வண்டி நேராகப் பட்டறைக்குள்ளேயே வந்து நின்றது. அக்கா நொண்டிக்கொண்டே இறங்கினார்.

"மூக்கு வை. வியாழக்கிழமை வேணும்."

"நானாக்கா?"

"பின்ன மாடி சாரா வைப்பாரு? முட்டி போயிருச்சுடா. இனிமே என்னால நடக்க முடியாது. ஓடையில வண்டிய விட முடியலன்னா ஆபீஸ்ல மேசை வேலைக்குப் போட்டுருவோம்னுட்டாங்க. மேசையில உக்காந்து நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

செவ்வாய்க்கிழமை அளவுத் தாளை ஒட்டினார். எடுத்தார். மறுபடி ஒட்டினார். புதன்கிழமையும் அதே கதை. ட்ரில்லை நான்கு தடவை கையில் எடுத்ததை நான் மாடியிலிருந்து எண்ணினேன், நான்கு தடவையும் கீழே வைத்தார். இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. எத்தனையோ வருஷமாக நான் கேட்ட அமைதி கிடைத்தும் ஒரு பக்கம்கூடத் திருத்த முடியவில்லை. எழுந்து கீழே போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை அக்கா ஆபீஸ் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அறுக்குறியா, நான் அறுக்கட்டுமா?"

"ஒரு நிமிசம் இருக்கா."

"உன் ஒரு நிமிசம் மூணு நாளா ஓடுது."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அக்காவின் முன்னால் நின்றார். "பயமா இருக்குக்கா" என்றார். பெரிய ஆள், நரைத்த மீசை. என் எதிரில் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை.

அக்கா கோப்பை மூடினார். "கூரை மேல நின்னப்ப நான் உன்னத் திட்டினேன்னு நெனச்சிட்டிருக்கியா? உனக்குத்தான்டா போன் பண்ணப் பாத்தேன். டவர் கெடைக்கல. வண்டி எதனால நின்னுதுன்னே எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சப்புறம் கோவம் வந்துச்சு, இல்லேங்கல. ரெண்டு வருசமா இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதுக்குன்னு உன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா? அறுடா."

அறுத்தார். வட்டத் தகடு தரையில் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து படுத்தது. அப்புறம் நேராக ஃபில்டர் பெட்டியின் அடி ஓட்டைக்குப் போனார். ரப்பர் அடைப்பானைச் செருகி, பசை தடவி, மேலே தகட்டுப் பட்டை போட்டு இறுக்கினார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திருப்தி வராமல் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பி மனைவியையும் வரவழைத்துக் காட்டினார். "அடைச்சிருக்குங்க, நல்லா அடைச்சிருக்கு, மாத்திரை வாங்க ஆளு நிக்குது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஓடினார். இவர் குழாயை மாட்டி, மூக்கின் வாயைப் பதினொரு தடவை பொத்தினார். பதினொரு தடவையும் வண்டி செத்தது.

ஊருக்கு வெளியே ஒரு தடுப்பணை இருக்கிறது. தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கி, நடுவில் பானெட்டைத் தொடுகிற ஆழம் நிற்கும். சோதனை ஓட்டம் அங்கேதான், எப்போதும் அவர்தான் ஓட்டுவார். அன்றைக்கு அக்கா சாவியைக் கொடுக்கவில்லை. "ஓடையில நான்தானே போகப்போறேன். மாடி சார், நீங்க ஏறுங்க. இவன் பக்கத்துல உக்காந்தா காலை ஆட்டியே என்னைக் கவுத்துடுவான்." ஏறிக் காலைத் தூக்கி இருக்கை மேல் வைத்துக்கொண்டேன்.

வண்டி இறங்கியது. தம்பியும் இறங்கினார், சட்டை பேண்டோடு, செருப்போடு. வண்டியின் பக்கமாகவே, மட்கார்டுக்கு நேராக, இன்ஜின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தார். தண்ணீர் முன்விளக்கை மூடியது. கதவு இடுக்கில் கசிந்து அக்காவின் கால்களை நனைத்தது. நடுவில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே அவரைக் காணோம். பாசி வழுக்கித் தலையோடு உள்ளே போய்விட்டார்.

"நிறுத்துங்க" என்றேன்.

"நடுத் தண்ணில காலை எடுத்தா அவனே என்னை அடிப்பான்" என்றார் அக்கா. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் இருமல் சத்தம் கேட்டது. "போ, போய்ட்டே இரு" என்று ஒரு கத்தலும் கேட்டது.

வண்டி சீராக ஏறி அக்கரையில் நின்றது. அக்கா இறங்கி, நொண்டி நொண்டி முன்னால் போய், பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே இருந்த காகித ஃபில்டரை வெளியே எடுத்தார். அதன் மடிப்புகளில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்புறம் அதைக் கையில் ஏந்திக் கரை விளிம்புக்குப் போனார்.

தம்பி அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால் வரை சொட்டியது. கையை நீட்டினார்.

"தொடாத. கை ஈரம்" என்று அக்கா ஃபில்டரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவர் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர்தான் வந்தது. பேண்டில் துடைத்தார். என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

அக்கா தன் துப்பட்டாவின் உலர்ந்த நுனியால் தம்பியின் ஒரு கன்னத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டார். அவர் குனிந்து அந்தக் கன்னத்தைக் காட்டினார். அக்கா ஃபில்டரை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.