பிரம்மநாயகம் காத்த வாக்கு

பிரம்மநாயகத்துக்கு அந்த வேலை கிடைத்ததே அவன் பேச்சினால்தான். மருந்துக் கம்பெனிகளுக்காக வீடு வீடாகப் போய் விசாரிக்கும் ஆபீஸ் அது. திருநெல்வேலி ஜனம் நிறைந்த பம்பாய் தாராவிக்கு அந்த ஊர்ப் பேச்சு பேசுகிற ஆள் தேவைப்பட்டது.

பயிற்சி கொடுத்தவர் மாட்டுங்கா வெங்கடராமன். கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்ததைவிட, வாயை மூடச் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம்.

"நோயாளி பேரைக் கேக்கப்படாது. மூஞ்சி தெரிஞ்சாலும் மறந்துடணும். ஆத்துல மூச்சு விடப்படாது. கையெழுத்துப் போட்டிருக்கேள், ஞாபகம் இருக்கட்டும்."

காசநோய் மாத்திரையை யார் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று 1963இல் ஒரு கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாராவியில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி, ஊர்ப்பேச்சைக் கேட்டு மனம் இளகி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். இருமினால் ரத்தம் வந்ததாம். இருமல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டானாம். பட்டறையில் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்களே!

"அண்ணாச்சி, இது வெளிய போவாதுல்லா?"

"எங்கம்மா மேல சத்தியமாப் போவாது."

சத்தியம் பண்ணச் சொல்லி வெங்கடராமன் கற்றுத்தரவில்லை. ஊர்ப்பாசத்தில் அவனாகச் சேர்த்துக்கொண்டது அது.

அடுத்த மாதம் அவன் பூனாவுக்கு வேலையாகப் போயிருந்தபோது, தங்கை சண்முகவடிவுக்கு அம்மா வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டாள். மாப்பிள்ளை பெயர் நம்பிராஜன். லேத் வேலை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அவன் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் பிரம்மநாயகத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே ஆள். நம்பிராஜனும் இவனைப் பார்த்துவிட்டுக் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

பெயரைச் சொல்லாமல் பிரம்மநாயகம் வெங்கடராமனிடம் யோசனை கேட்டான்.

"நீங்க சொல்லப்படாது. சொன்னா நாளைக்கு ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான், ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டான். அவனையே சொல்ல வையுங்கோ. முதல்ல கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துண்டு போங்கோ."

பிரம்மநாயகம் பட்டறை வாசலில் போய் நின்றான். "எங்க வீட்டுல நீங்களே சொல்லிருங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

"இப்ப நல்லாத்தான இருக்கேன் மச்சான்? சொன்னா வேலையும் போவும், மானமும் போவும்."

நம்பிராஜன் அதற்கு மேல் பிடிகொடுக்கவில்லை. பிரம்மநாயகமும் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றான். ஏன் என்று அம்மா அழுதாள். அவள் தலைமேல் செய்த சத்தியத்தை அவளிடமே எப்படி உடைப்பது? வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

வெற்றிலை மாற்றிய பிறகு பெண் வீட்டார் காரணம் சொல்லாமல் விலகினால் எங்கள் ஜனம் என்ன பேசும்? பெண்ணிடம்தான் ஏதோ கோளாறு என்று தாராவி முழுக்கப் பேசியது. அதன்பின் சண்முகவடிவைப் பெண் கேட்டு யாரும் படியேறவில்லை. அவள் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோ வாக்கும் தவறவில்லை, தங்கையும் தப்பினாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான், பாவி.

நம்பிராஜனுக்கு பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து வேறு பெண் வந்தாள், இசக்கியம்மாள் என்று. அப்பன் மட்டும்தான் அவளுக்கு. கல்யாணத்தன்று பிரம்மநாயகம் வேண்டுமென்றே செம்பூரில் கேள்வி கேட்டு அலைந்தான். குழாயடியில் சண்முகவடிவை ஒதுக்காமல் பேசியவள் அந்த இசக்கியம்மாள் ஒருத்திதான். இரண்டு பேரும் உயிராகிவிட்டார்கள்.

நான்கு வருஷத்தில் இசக்கியம்மாள் இருமி இருமிச் செத்தாள். அதற்குள் பிரம்மநாயகம் வெங்கடராமனின் இடத்துக்கு வந்து, புது ஆட்களுக்கு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தான். துக்க வீட்டில் அவனைக் கண்டதும், எலும்பும் தோலுமாக இருந்த நம்பிராஜன் தலையில் அடித்துக்கொண்டு கதறினான்.

"மச்சான், அன்னைக்கே ஒங்ககிட்டச் சொன்னம்லா! என் நோவுதான் அவளைக் கொன்னுட்டு!"

பெண்கள் கூட்டத்திலிருந்த சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"அம்மா மேல சத்தியம் பண்ணியிருந்தேன், தாயி."

"என்னையத் தடுத்தியே, அப்ப?"

"ஒன்னைய எப்படிம்மா விடுவேன்?"

"அவளுக்கு அண்ணன் இல்ல," என்றாள் சண்முகவடிவு. "அதான் செத்தா."