ஆனைக்குட்டம் விலக்கில் ஆறு குழிகள்

காலை 6.40க்கு விருதுநகரில் பேருந்து ஏறினேன். மட்டைப் பையை மடியில் கிடத்தியதில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாதி இடம் போயிற்று.

"என்ன தம்பி, நாதஸ்வரமா?"

"கோல்ஃப்."

"இங்கன அம்புட்டுப் புல்லுக்குத் தண்ணிக்கு எங்க போவீக?"

நியாயமான கேள்வி. பதிலைப் பார்க்கத்தான் கோவையிலிருந்து புறப்பட்டிருந்தேன்.

7.25. ஆனைக்குட்டம் விலக்கு. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பட்டாசு ஆலை ஒன்றின் சுவரை ஒட்டி, அதன் முதலாளி அமைத்துக்கொண்ட மைதானம் அது. மலைமேல் வெள்ளைக்காரர் விட்டுப்போன புல்வெளியில் ஆடிப் பழகியவர், ஊர் திரும்பியதும் சரளைக் காட்டில் கருவேலத்தை வெட்டி ஆறு குழிகள் போட்டார். புல்லே கிடையாது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கொடி, சுற்றி வட்டமாக மணல். அதை விளக்குமாற்றால் இழுத்துச் சமன்செய்கிறார்கள். வரைந்தவர் நிபுணர் இல்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று அடித்தாலும் ஆலை முதுகுப் பக்கம்தான் இருக்கும்; பந்து அங்கே போகாது. அடடா என்று நோட்டில் படம் படமாய்க் கிறுக்கினேன்.

வாசலில் செல்வராணியக்கா. ஆலைக்குள் வெடிமருந்து அடைத்தவர். இப்போது மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறார். மகள் மகேஸ்வரி சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறாள்.

"இரும்பு மட்டையெல்லாம் இங்கனயே வச்சிட்டுப் போங்க தம்பி. மர மட்டை மட்டுந்தான்."

"வெளியே ஆடுவதற்குமா?"

"கல்லுல இரும்பு பட்டா பொறி வரும். அந்தச் சத்தம் கேட்டா உள்ள இருக்கிறவ கை நடுங்காம மருந்து அடைப்பாளா? பொம்பளைக எல்லாம் சேந்து முதலாளிகிட்ட வாங்குன வாக்கு இது. ஒரு தடவ சத்தம் கேட்டாலும் மைதானம் கிடையாது." மட்டைகளுக்குக் கை நீட்டியபடி, "எனக்கு நெஞ்சு சரியில்ல. இது போச்சுன்னா மறுபடி மருந்து ரூம்தான்" என்றார்.

ஏழு இரும்பு மட்டைகளைக் கொடுத்தேன். எட்டாவதைப் பையின் அடியிலேயே விட்டுவைத்தேன். ஒப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

9.10. நான்காம் குழி. பந்து கற்களுக்கிடையில் சிக்கியது. கையால் எடுத்து வெளியே வைக்கலாம், இங்கே அதுதான் விதி. நானோ அந்த எட்டாவது மட்டையை உருவினேன். ஒரே ஒரு அடி.

கணீரென்றது.

பொறி பறந்ததா, தெரியாது. சுவருக்கு அப்பால் கதவுகள் படபடவெனத் திறந்தன. பெண்கள் வெறுங்காலோடு சாலைக்கு ஓடிவந்தார்கள், முழங்கை வரை வெள்ளி நிறப் பொடி. ஒருத்தியும் கத்தவில்லை. கத்தியது செல்வராணியக்கா மட்டும்தான்: "ஏளா மகேசு! மகேசு!"

"இங்கனதாம்மா இருக்கேன்." மகேஸ்வரிக்கு ஆலை வாசலில் விழுந்து முழங்கால் சிராய்ந்திருந்தது.

ஃபோர்மேன் வந்தார். "ஒண்ணுமில்ல, உள்ள போங்க." வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் எழவில்லை.

"ஏலே, ஒங்க ஊர்ல கல்லே இல்லையாலே?" என்றாள் ஒருத்தி என்னிடம். யாரும் சிரிக்கவில்லை.

"கொடியப் பிடுங்கி மைதானத்த மூடட்டும், உள்ள வாறோம்" என்றாள் மகேஸ்வரி. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் முதலாளிக்குப் போன் போட்டார். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பிடுங்கச் சொல்லிட்டாரு."

ஆறு கொடிகளையும் நானே பிடுங்கினேன். கடைசிக் கொடியைச் செல்வராணியக்காவிடம் கொடுக்கும்போது, "அக்கா, முதலாளியிடம் நான் பேசிப் பார்க்கவா?" என்றேன்.

"என்னன்னு பேசுவீக? அவளுக கேட்டது சரிதான. நானும் உள்ள இருந்தா அதத்தான் கேப்பேன்."

10.50. பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். செல்வராணியக்கா என் ஏழு மட்டைகளை எண்ணிக் கொடுத்தார். பிறகு செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டு, ஃபோர்மேன் பின்னால் ஆலைக்குள் நடந்தார்.

கோவையில் நான் ஆடும் மைதானத்தைச் சுற்றிலும் வீடுகள். எத்தனையோ முறை என் மட்டை கல்லில் மோதியிருக்கிறது. ஒரு சன்னல்கூடத் திறந்ததில்லை.