எப்படி விழுந்தீங்க?

முதல் தடவை கண் இருட்டியபோது, ஜெகதாப்பட்டினத்தில் நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியின் மெஷின் ரூம் வாசலில் நின்றிருந்தேன். இரண்டு நொடி இருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. அடுத்த மாதமும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுகிற ஆளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு வேலை தெரியாது.

மூன்றாவது தடவை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கண் விழித்தபோது ஈரத் தரையில் கிடந்தேன். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது, தாடையில் தோல் கிழிந்திருந்தது. ஐஸ் தண்ணீரில் வழுக்கிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை என்று முடிவானது. எனக்குச் சர்க்கரை உண்டு. அதைப் பார்த்துச் சொல்லும்படி எலும்பு மருத்துவர், பொது மருத்துவருக்கு (உடம்பு முழுவதையும் பார்த்து மருந்தால் நோய் தீர்ப்பவர்) எழுதி அனுப்பினார். வேறொருவர் பொறுப்பில் இருக்கும் நோயாளியை இப்படி வந்து பார்ப்பதை வார்டில் ‘ஒப்பீனியன்’ என்கிறார்கள்.

வந்தவர் ஒரு பெண் டாக்டர். சர்க்கரைச் சீட்டைப் படித்தார். ஒடிந்த காலை அவர் அதிகம் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என் உள்ளங்கைகள் இரண்டையும் திருப்பிப் பார்த்தார்.

“எப்படி விழுந்தீங்க?”

“வழுக்கிருச்சு டாக்டர்.”

“வழுக்குனா கையைத்தான் முதல்ல ஊனுவோம். ஒங்க கையில ஒரு கீறல்கூட இல்லை. விழுந்தது ஞாபகம் இருக்கா?”

பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி, “கொஞ்ச நாளாவே எந்திரிக்கையில சொவத்தப் புடிச்சுத்தான் நிக்கிறாங்க. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க,” என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

சேர்த்தபோது எடுத்த ஈசிஜியில் (இதயத் துடிப்பின் மின்பதிவு) பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். இம்முறை தெரிந்தது: ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையிலிருந்து வரும் மின்தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேராத நிலை; ரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு).

“கால் ஒடிஞ்சு கெடக்குறவங்களுக்கு நெஞ்சுல என்ன டாக்டர்? நாளைக்கு ஆபரேசன்னாங்களே,” என்று செல்வி அழுதாள்.

“இப்ப மயக்க மருந்து குடுத்தா நெஞ்சு நின்னே போகலாம்மா. கால் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.”

எலும்பு மருத்துவர் வந்தார். இருவரும் ஜன்னலோரம் நின்று பேசினார்கள். திரும்பி வந்து, “தள்ளி வைக்கிறோம்,” என்றார் எலும்பு மருத்துவர். அன்றே தஞ்சாவூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோய் பேஸ்மேக்கர் (துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும் சிறு கருவி) வைத்தார்கள். அடுத்த வாரம் புதுக்கோட்டையிலேயே கால் அறுவை சிகிச்சை நடந்தது. கேஸ் ஷீட்டில் என் மருத்துவர் என்று எழுதியிருந்தது எலும்பு மருத்துவரின் பெயரைத்தான். ஆனாலும் அந்தப் பெண் டாக்டர் தினமும் காலையில் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார்.

எந்த வார்டில் படுத்திருந்தாலும், உங்களிடம் கேட்கிறவரிடம் விழுவதற்கு முந்தின நொடியைச் சொல்லிவிடுங்கள். நான் எதற்குப் பயந்து மறைத்தேனோ, அது நடக்கத்தான் செய்தது. பெரிய மோட்டார்களின் பக்கம் இந்தக் கருவிக்கு ஆகாது என்பதால் மெஷின் ரூமுக்குள் இனி போகக்கூடாது. இப்போது கம்பெனி வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்கிறேன்.

இடது தோளுக்குக் கீழே தோல் சற்றுப் புடைத்திருக்கிறது. படுக்கும்போது கை தானாக அங்கே போகிறது. எந்தத் துடிப்பு என்னுடையது, எது கருவியுடையது என்று தெரிவதில்லை. எட்டுப் பத்து வருடத்தில் அதை மாற்றவேண்டும் என்றார்கள். அதற்கு முன் அவ்வளவு தூரத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

போன வாரம் மகள் போனில் பேசினாள். அடுத்த வருடம் தன் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்க்கலாமா என்று கேட்டாள். அடுத்த வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக அந்தப் புடைப்புக்குப் போனது.

“பாரும்மா,” என்றேன். “நான் வாரேன்.”