கரி லாரியில் ஏறிய வஞ்சிரம்

சண்டைக் காலம். பெட்ரோல் ரேஷனில்தான் கிடைக்கும். ராயபுரத்தில் நான் ஓட்டிய லாரிக்கு முதலாளி கரிவாயுப் பீப்பாய் ஒன்றைப் பூட்டினார். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்று விசிறியைக் கையால் சுற்றி, பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பியபின் கரிவாயுவுக்கு மாற்ற வேண்டும். இந்த வித்தை கைவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகத்துவாரக்குப்பத்தில் மாமியார் வீடு. மச்சானுடைய வலை பாறையில் சிக்கி நார்நாராகியிருந்தது. இரவல் வலையில் அவனுக்கு நல்ல வஞ்சிரமாக விழுந்தது. அதைக் கெடாமல் ராயபுரத்தில் விற்றால்தான் புது வலைக்கு நூல் வாங்க முடியும். மாமியார் வழக்கம்போலக் கூடையைத் தலைக்குத் தூக்கினார்.

"எறக்கு அத்தே! லாரி இன்னாத்துக்குக் கீது? வெயில் ஏர்றதுக்குள்ள மார்க்கெட்ல வுட்றேன்," என்றேன்.

மற்ற மீன்காரிகளையும் கூப்பிட்டேன். "அடுப்ப நம்பி நாங்க வர்ல நைனா," என்று சிரித்துவிட்டு நடந்தார்கள்.

கூடை ஆடாமலிருக்க, கைவசமிருந்த இரண்டு கரி மூட்டையைப் பரப்பி அதன்மேல் வைக்கச் சொன்னேன். என் மூளையே மூளை! மீன்கூடை தண்ணீர் சொட்டும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும்.

மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்துபோனவர்களை ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினேன். திருவொற்றியூருக்கு முன்பே பீப்பாயில் கரி தீர்ந்தது. மூட்டையை அவிழ்த்தால் எல்லாம் சொதசொத. வேறு வழியின்றி அதையே கொட்டினேன். நீராவிதான் வந்தது. லாரி இருமி இருமி நின்றுவிட்டது. மிச்சமிருந்த பெட்ரோலையும் கிளப்பிக் கிளப்பியே தீர்த்தேன்.

பின்னாலேயே மீன்காரிகள் வந்துசேர்ந்தார்கள்.

"இன்னா மாப்ள, சோறு வெந்துச்சா?"

என் முகமெல்லாம் கரி. அவமானத்தில் அது எப்படிச் சுருங்கியதென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"நீ கூடைய எட்துகினு எங்களோட வந்துடு," என்று மாமியாரைக் கூப்பிட்டார்கள்.

"எங்க மாப்ள கெளப்பிடும். நீங்க போங்க," என்றார் அவர்.

"போய்டு அத்தே" என்று நான் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. தோள் இற்றுப்போகும்வரை விசிறியைச் சுற்றினேன். வெயில் உச்சிக்கு வந்தது. மாமியார் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், மூடினார்.

அத்தனையும் உப்பில் போனது. "லாரி கருவாடு" என்று குப்பமே பேர் வைத்தது. மச்சான் அடுத்தவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போனான். நான் பல நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் என் பெண்டாட்டி இழுத்துக்கொண்டு போனாள். மாமியார் சோறு போட்டு, அந்தக் கருவாட்டிலேயே பெரிய துண்டை என் தட்டில் வைத்தார்.

"நாளிக்கி மீன் வந்தா ஏத்திக்கிறியா மாப்ள?" என்றார். "மூட்டைய நான் தனியா வச்சுர்றேன்."

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.