மேல் தட்டில் இருந்த போத்தல்

சுதர்ஷினியின் கை சும்மா இருக்காது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் இதைச் சொல்வார்கள். பாதிப் பேர் மெச்சிக்கொண்டு, மீதிப் பேர் வயிறெரிந்து. ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். இவளோ ரப்பர் கொட்டைகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, ஈர்க்குச்சியில் காலும் வைத்து, காம்பரா ஜன்னல் முழுக்க ஒரு பட்டாளத்தையே நிறுத்தி வைத்திருக்கிறாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். காலியான எந்தப் பிளாஸ்டிக்கும் அவள் கத்தரிக்கோலிடமிருந்து தப்பியதில்லை. வாசலில் தொங்கும் பூச்சட்டிகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் எண்ணெய்க் கேனாகவோ ஷாம்புப் போத்தலாகவோ இருந்தது தெரியும். மூன்று வருஷமாகக் கேக்கும் சேர்ந்துகொண்டது. ஃபோனில் பார்த்துப் பார்த்துப் படித்தாள், சின்ன ஓவன் ஒன்று வாங்கினாள். அவள் ஓவனைப் போட்டால் பக்கத்துக் காம்பராக்களில் ஃபேன் படுத்துவிடும். திட்டுவார்கள், பிறகு கேக் துண்டுக்குத் தட்டையும் அனுப்புவார்கள்.

புருஷன் சதீஸ் காலையில் தோட்டத்து மரங்களில் பால் வெட்டுவான். பின்நேரம் தோட்டத்துக்கு வெளியே நாட்டுப் பக்கம் ஒரு முதலாளியின் அரை ஏக்கர் மரங்களில் எடுத்த பாலை அசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிப்பான். ஷீட் கொட்டிலுக்குப் பூட்டில்லை என்பதால் அசிட்டை வீட்டில்தான் வைத்திருந்தான். அதிகம் பேசாத மனுஷன். ஆனால் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மட்டும் அவனே பைக்கைக் கழுவி, ஹெல்மட் இரண்டையும் துடைத்து வைத்துவிட்டு, “சுதா, இன்னைக்கு எங்க?” என்று கேட்பான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளாமல் இதுகள் இரண்டும் ஊர் சுற்றுகின்றன என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. நேர்ந்துகொள்ளவும் செய்தார்கள், ஊரும் சுற்றினார்கள். அதை யாரிடம் போய் விளக்குவது? போன இடத்திலெல்லாம் அவள் ஒரு கல் பொறுக்குவாள். அதில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் ஊர்ப் பெயரை எழுதி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பாள். வரிசையின் கடைசியில் ஒரு கல்லுக்கு இடம் விட்டிருந்தாள். அது திருகோணமலைக்கு. அந்தக் கடலை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

ருவான்வெல்லை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் நஸ்லின் ஒருநாள் அவளைத் தேடிவந்தாள். நஸ்லினின் மகள் ரிஸ்லாவுக்கு முட்டை ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ கொடுத்த ஒரு வாய் கேக்கில் பிள்ளைக்குத் தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நஸ்லின் ஒவ்வொரு பாக்கெட்டின் பொடி எழுத்தையும் வாசிக்காமல் பிள்ளைக்கு எதையும் கொடுப்பதில்லை. சொந்தக்காரப் பிள்ளைகளின் பர்த்டேக்களில் ரிஸ்லா ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். புத்தர் திருநாளான வெசாக் போயா அன்று அவளுக்கு ஏழு வயது நிறைகிறது. அவளுக்கென்று ஒரு கேக் வெட்டியதே இல்லை.

முட்டை இல்லாத கேக்கில் என்னென்ன சேரும் என்று நஸ்லின் மூன்று தரம் கேட்டாள். சுதர்ஷினி மாவு, கொக்கோ, அப்பச்சோடா, பால், வினாகிரி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். வினாகிரி பாலைத் திரித்து அப்பச்சோடாவோடு சேர்ந்து பொங்கினால்தான் முட்டை இல்லாமலே கேக் எழும்பும் என்று விளக்கினாள். நஸ்லின் எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள்.

“உங்கள நம்பித்தான் என்ட புள்ளட வாயில வெக்கப் போறேன்” என்றாள்.

வெசாக்குக்கு மூன்று நாள் முன்பு சுதர்ஷினிக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி இல்லை. கண்ணும் மூக்கும் விடாமல் ஓடின, கருவாடு பொரித்தால்கூட வாசம் தெரியவில்லை. போயா அன்று விடியற்காலை எழுந்து மாவைச் சலித்தாள். வினாகிரிப் போத்தல் காலியாக இருந்தது. மேல் தட்டில் இன்னொன்று நிற்பதைப் பார்த்து எடுத்து, இரண்டு கரண்டி பாலில் விட்டாள். பால் பட்டென்று திரிந்தது. மற்ற நாட்களில் சற்று நேரம் பொறுக்க வேண்டும். சுறுசுறுப்பான வினாகிரி என்று அவளுக்குச் சந்தோஷம். வழக்கமாக மேலே வெட்டி எடுக்கும் துண்டு சதீஸின் பங்கு. அன்று கேக் மேலே மேடு கட்டாமல் சமமாக வந்ததால் வெட்டவும் இல்லை. ரோஸ் ஐசிங் போட்டு, அதன் மேல் ஒரு சின்ன வீடும் பட்டாம்பூச்சிகளும் வைத்தாள்.

பத்து மணிக்குக் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாலு மணிக்கு வெட்டப்போவதாக நஸ்லின் சொன்னாள். ரிஸ்லா கேக்குக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், தொட்டால் போய்விடும் என்று பயந்தவள் மாதிரி. சுதர்ஷினிக்கு அதைப் பார்த்ததில் நெஞ்சு நிறைந்துபோனது. அதே சந்தோஷத்தோடு இருவரும் கித்துல்கலவுக்குப் போனார்கள்.

களனி ஆற்றங்கரையில் பாறையில் உட்கார்ந்து, ரப்பர் படகில் கத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தார்கள். அவள் கறுப்பாய் வழுவழுப்பாய் ஒரு கல்லைத் தேடி எடுத்தாள். சதீஸ் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, போகிற வழியில் ஒரு கேன் வாங்க வேண்டும், ஞாபகப்படுத்து என்றான். எதற்கு என்று கேட்டாள்.

“அசிட் கேனத்தான் நீ பூச்சட்டிக்கு வெட்டிட்டியே. புதுசா வாங்கின அசிட்ட உன் வெறும் வினாகிரிப் போத்தல்ல ஊத்தி மேல் தட்டுல வெச்சிருக்கேன்.”

அவள் கையில் கவளம் அப்படியே நின்றது. பால் பட்டென்று திரிந்தது ஞாபகம் வந்தது. மரத்துப் பாலில் அசிட் விட்டால் எப்படித் திரியும் என்று அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். கேனை வெட்டியபோது அதில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. போத்தலை நிரப்பியபோது அதில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

“ஏங்க, அதத்தான் நான் கேக்ல ஊத்தினேன்” என்றாள்.

நேரம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம். நஸ்லினுக்கு எடுத்தாள். அடித்தது, யாரும் தூக்கவில்லை. மறுபடி, மறுபடி. வெட்ட வேண்டாம் என்று மெசேஜ் போட்டாள். அது பார்க்கப்படாமலே கிடந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது ஃபோனை யார் பார்க்கிறார்கள்? சோறு பாறையில் கிடக்க, இரண்டு பேரும் பைக்குக்கு ஓடினார்கள்.

வெசாக் நாளில் அந்தப் பாதையில் அவசரமாகப் போக நினைப்பது நடக்கிற காரியமா? பத்து வளைவுக்கு ஒரு தன்சல். கொடி பிடித்த பையன்கள் நடுரோட்டில் நின்று, வருகிறவர்களை மறித்து மரவள்ளிக் கிழங்கும் ஐஸ்கிறீமும் புண்ணியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்காமல் போனால் விடமாட்டார்கள். யட்டியாந்தோட்டையில் வரிசை அரை மைலுக்கு நின்றது. சதீஸ் வேலியோரமாகப் பைக்கைச் செருகினான். ஒருவன் கோப்பையோடு குறுக்கே வந்தபோது, “மல்லி, லமயெக்ட கரதரயக்” என்று சுதர்ஷினி சிங்களத்தில் கத்தினாள், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று. அவன் விசிலடித்து வழிவிட்டான். நல்லா இருக்கட்டும் அந்தப் பையன்.

மழையும் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு கையால் சதீஸின் இடுப்பைப் பிடித்தபடி மறு கையால் மறுபடி மறுபடி நம்பரை அழுத்தினாள். கடைசியில் ஃபோன் நனைந்து அணைந்துபோனது. பிள்ளையின் தொண்டை மட்டுமே அவள் கண்ணுக்குள் நின்றது. முட்டைக்கே வீங்கிய தொண்டை.

ருவான்வெல்லைச் சந்தியில் சதீஸ் பைக்கை ஓரம் கட்டினான். நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இடப்பக்கம் தோட்டத்துப் பாதை, நேரே பஸார்.

அவன் திரும்பாமலே சொன்னான்: “மொதல்ல வீட்டுக்குப் போய் போத்தலப் பாத்துருவோமா? நல்ல வினாகிரியா இருந்துட்டா, நீயே உன் பேரக் கெடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அத்தன சனத்துக்கு முன்னால.”

தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று வருஷம் அவள் கட்டிய பேர் அவனுக்கும் சொந்தம். அவளும் ஒரு நிமிஷம் தயங்கினாள். அதை மறைப்பதற்கு இல்லை. பால் பழசாக இருந்திருக்கலாம், அதனால் திரிந்திருக்கலாம், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இருபது நிமிஷம்தானே என்று மனசு அவளிடமே கெஞ்சியது. அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ரிஸ்லா ஞாபகத்துக்கு வந்தாள்.

“நேரா விடுங்க” என்றாள்.

கடைக்குப் பின்னால் நஸ்லின் வீட்டில் பலூன்களுக்குக் கீழே முப்பது பேராவது நின்றார்கள். வெள்ளைக் கவுன் போட்ட ரிஸ்லாவின் கையில் கத்தி. அந்தக் கையைப் பிடித்தபடி நஸ்லின் குனிந்திருந்தாள். கத்தி ஐசிங்கில் இறங்கிய நேரம், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட சுதர்ஷினி உள்ளே நுழைந்து, மேசையிலிருந்த கேக்கைப் பலகையோடு தன் பக்கம் இழுத்தாள். சின்ன வீடு சரிந்து தரையில் விழுந்தது.

“நஸ்லின் அக்கா, இதச் சாப்பிடாதீங்க. வினாகிரின்னு நெனச்சி ரப்பருக்கு ஊத்துற அசிட்ட ஊத்திட்டேன்னு பயமா இருக்கு.”

நஸ்லின் மகளின் கத்தியை வாங்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் முந்தானையில் துடைத்தாள். நக்கினாயா என்று கேட்டாள். பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. மறுபடி கேட்டாள். பிறகுதான் நிமிர்ந்து சுதர்ஷினியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

சதீஸ் வீட்டுக்குப் போய்ப் போத்தலோடு வந்தான். அதன் கழுத்தில் விடியற்காலை அவள் விட்ட கொக்கோ விரல் அடையாளம் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நஸ்லினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுதர்ஷினிக்கு மட்டும் ஒன்றும் மணக்கவில்லை.

அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்குக் கேக் சொல்லியிருந்த ஷாமிளா, தனக்கு இனி வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இனி இவளுடைய கேக்கை யார் தின்பார்கள் என்று இன்னொரு குரல் வந்தது. சுதர்ஷினி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். வேறென்ன செய்ய? அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. கேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினாள்.

“அப்ப எனக்கு கேக் இல்லையா உம்மா?” என்று ரிஸ்லா கேட்டாள். அழவில்லை. இல்லாமல் போவது பழகிய பிள்ளை கேட்கிற கேள்வி அது.

நஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குப் போய் போத்தலப் பாத்துட்டு வந்திருந்தா எவ்வளவு நேரம் போயிருக்கும்?” என்று கேட்டாள்.

“இருவது நிமிசம்” என்றாள் சுதர்ஷினி. “பாத்துட்டு வருவோமான்னு சந்தியில நானும் யோசிச்சேங்க்கா.”

சுவர்க் கடிகாரத்தில் நாலரை தாண்டியிருந்தது. நஸ்லின் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், எழுந்தாள்.

“குசினிக்கு வாங்க. தேசிக்காய்ப் புளி ஈக்கு, வினாகிரி வாணாம். ஒங்கட மூக்குத்தான் வேல செய்யல்ல. என்ட மூக்கு ஈக்கு.”

அப்படித்தான் அந்தக் கேக் உண்டானது. சுதர்ஷினி கேட்க, நஸ்லின் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் தான் மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பிறகே அவள் கையில் கொடுத்தாள். மாவை, சீனியை, தண்ணீரைக்கூட. அவசரத்தில் கலவை மேசையில் சிந்தியது. வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கேக் ஒரு பக்கம் சரிந்து, ஐசிங் இல்லாமல், ஆவி பறக்க வந்தது. நஸ்லின் முதல் துண்டைத் தான் தின்று, கால் மணி நேரம் காத்திருந்தாள். அந்தக் கால் மணி நேரமும் ரிஸ்லா கத்தியைக் கீழே வைக்கவில்லை. பிறகு வெட்டினாள், வாய் நிறைய வைத்துக்கொண்டாள், இது சுடுகிறது என்று சிரித்தாள். சுதர்ஷினி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஷாமிளா திரும்பி வரவில்லை. அந்த மாதம் வேறு இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். நஸ்லின் மட்டும் அடுத்த வருஷத்துக்கும் இப்போதே சொல்லிவைத்தாள், தன் குசினியில், தான் பக்கத்தில் நிற்க.

சதீஸ் புதுக் கேன் வாங்கி வந்தான். சுதர்ஷினி அதன் நாலு பக்கமும் சிவப்புக் கியூடெக்ஸால் அசிட் என்று பெரிதாக எழுதினாள். குப்பி அடி தெரிந்தது, இன்னும் ஒரு பெயருக்குத்தான் காணும். கித்துல்கலவில் எடுத்த கறுப்புக் கல் அவள் பையிலேயே கிடந்தது. அதை எடுத்து ருவான்வெல்லை என்று எழுதி, திருகோணமலைக்கு விட்டிருந்த இடத்தில் வைத்தாள்.

ருவான்வெல்லைக்கு நாம் தினமும் பருப்பு வாங்கப் போகிறோமே என்றான் சதீஸ்.

“அன்னிக்கு மாதிரி ஒருநாளும் போனதில்லையேங்க” என்றாள்.