சரவிளக்கில் ஓர் அத்தர் பாட்டில் மூடி

போன வாரம் ராயபுரத்தில், எங்கள் மாதா கோயிலுக்குள்ளேயே ஒரு சண்டை. போட்டவர் ஃப்ளோரா அக்கா. கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். சண்டை எதற்கு? ஒரு பாட்டில் மூடிக்கு!

சொல்கிறேன்...

கோயிலில் பழங்காலத்துச் சரவிளக்குகள் இரண்டு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தவை. ஹார்பர் பக்கமாயிற்றே! கரித்தூசும் உப்புக்காற்றும் சேர்ந்து அவற்றைக் கறுப்பாக்கிவிட்டன. யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடை கொடுக்க, பெங்களூரிலிருந்து மகேஷ் வந்து இறங்கினார். விளக்கு நிபுணர். "ரிப்பேர் எப்போ முடியும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரெஸ்டொரேஷன், சார்!"

கண்ணாடித் தொங்கட்டான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி வைத்திருந்தார். கண்கொள்ளாக் காட்சி! ஓரமாக ஒரு பெயின்ட் டப்பா. நடுவில் யார் யாரோ ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் மணி, துருப்பிடித்த கம்பி எல்லாம் அதில் கிடந்தன. ஒரிஜினல் இல்லாததெல்லாம் குப்பைக்கு.

மகேஷுக்கு இட்லி கொண்டுவந்த அக்கா, டப்பாவை எட்டிப் பார்த்தார். பொட்டலம் கீழே போனது. கரி அப்பிய ஒரு கண்ணாடி மூடி மேலே வந்தது.

"யாருய்யா இத்த கயட்னது?"

எனக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும். கல்யாணத்தின்போது அக்காவுக்கு அவர் வீட்டுக்காரர் ஆரோக்கியம் வாங்கிக் கொடுத்த அத்தர் பாட்டிலின் மூடி அது. ஒரு புயலில் விளக்கின் தொங்கட்டான் ஒன்று உடைந்துபோக, ஏணி போட்டு ஏறி அந்த இடத்தில் இதைக் கட்டியவரும் அவர்தான். ஹார்பரில் கரி இறக்கும் வேலை அவருக்கு. சாயங்காலமானால், "குளிக்காம வூட்டுக்குள்ள கால வெக்காத!" என்று அக்கா போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிறுதோறும் அக்கா அந்த விளக்குக்குக் கீழேதான் உட்காருவார். மேலே மேலே பார்ப்பார். நான் அதை ஜெபம் என்று நினைத்திருந்தேன்.

"மேடம், எல்லாம் பழையபடியே இருக்கணும்னு நன்கொடை குடுத்தவர் சொல்லியிருக்கார். அந்த இடத்துக்கு அச்சு அசலா புதுசு செஞ்சு வெச்சிருக்கேன். இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்" என்றார் மகேஷ்.

"வூட்ல வெச்சி இன்னா பண்ண? வூட்லதான் அவரு இல்லன்னு ஆயிப்பூட்ச்சே. இங்கதான் கீறாரு, நைனா!"

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? விளக்கு கப்பலிலிருந்து இறங்கிய அன்றைக்கா... ஆரோக்கியம் அண்ணன் ஏணியில் ஏறிய அன்றைக்கா?

மகேஷ் மூடியை வாங்கி சோப்புத் தண்ணீரில் போட்டார். "நன்கொடை குடுத்தவர்கிட்ட நான் பேசிக்கறேன்." எங்கள் ஏரியாவில் ஒரு சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரிந்தது. பாவம் ஃபாதர், பிரசங்கத்தை யார் கேட்டார்கள்? மொத்தக் கோயிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வெள்ளைத் தொங்கட்டான்களுக்கு நடுவே அந்த மூடி மட்டும் லேசான மஞ்சளாகப் பளிச்சென்று மின்னியது.

அக்கா அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம். முன் வரிசையில் இருந்த அக்காவோ மேலே பார்த்து, மெல்லமாகச் சொன்னார்:

"இன்னாய்யா... இன்னிக்காவது ஒயுங்கா குளிச்சிக்கினு வந்தியே!"